ஷேட் கார்டில் இல்லாத நிறம்

நான் வேலை பார்த்த பல் மருத்துவக் கல்லூரியின் லேபில் இப்போது பல்லின் நிறத்தைப் பார்க்க ஒரு கருவி வந்திருக்கிறது. பேனா அளவுதான் இருக்கும். பல்லின்மேல் வைத்தால் நிறத்துக்கு உரிய எண்ணைக் காட்டிவிடுகிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் என்னை வரவழைத்துக் காட்டினார்கள். "உங்கள் காலத்தில் எப்படி சார் நிறம் பார்த்தீர்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார்கள். ஷேட் கார்டு என்று ஒரு அட்டை இருந்தது, அதில் பதித்த மாதிரிப் பற்களை ஜன்னல் வெளிச்சத்தில் பல்லோடு ஒட்டிவைத்துப் பார்ப்போம் என்று சொல்லி, அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொன்னது கொஞ்சம்தான். மீதியை வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம், எலப்புள்ளிக்குக் கிழக்கே இருக்கிறது. நிலக்கடலை, பருத்தி, சோளம், எல்லாம் கிணற்றுத் தண்ணீரில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஊரில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் பல் ஒரே மாதிரிதான். சுண்ணாம்பு பூசியதுபோல் ஒளியில்லாத வெள்ளை, அதன் குறுக்கே காப்பிப்பொடி நிறத்தில் கறை, அங்கங்கே ஊசி குத்தியதுபோல் சின்னக் குழிகள். எல்லார் வாயிலும் இருப்பதை யார் குறையென்று சொல்வார்கள்? பாலக்காட்டுக்குப் படிக்கப் போனபோது, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்னைப் பார்த்து, "இந்த வயசிலேயே பீடியா?" என்றான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. செங்கல்பொடி, அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சைத் தோல், எதையும் விடவில்லை. ஈறு புண்ணானதே தவிரக் கறை அசையவில்லை.

அப்படிப்பட்டவனுக்குக் கடலோர நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. செயற்கைப் பல் பிரிவில் லேப் டெக்னீஷியன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளாஸ்டர் கரைத்தேன், மெழுகு உருக்கினேன், கம்பி வளைத்தேன், கையைச் சுட்டுக்கொண்டேன். எழுபதுகள் பிறந்தபோது வேலை நிரந்தரமாகியிருந்தது. அதற்குள் மேலுதட்டை மறைக்கிற மாதிரி மீசை வளர்த்திருந்தேன். உதட்டை அதிகம் திறக்காமல் பேசப் பழகியிருந்தேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கூட வேலை செய்தவர்கள் என்னை ரொம்ப அடக்கமானவன் என்று நினைத்தார்கள்.

எங்கள் பிரிவின் தலைவர் ஈப்பன் சார். மலையாளத்தைத் தவிர வேறு மொழியில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். நோயாளியின் வாயில் கை வைக்குமுன், அது எத்தனை ஏழை வாயாக இருந்தாலும், "தொடலாமா?" என்று கேட்பார். நாங்கள் செய்து கொடுக்கும் பல் செட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவுவார். எங்காவது சொரசொரப்பாக இருந்தால் திட்ட மாட்டார். செட்டை மேஜைமேல் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கிண்ணத்தில் கிடப்பது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில் கிழக்குப் பாலக்காட்டு மக்களின் கறைப் பற்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கல்லூரி முடிவுசெய்தது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும், கூடவே இலவச முகாமும் நடத்த வேண்டும். மூன்றாம் வருட மாணவர்களுக்கு இதைப் பற்றி ஈப்பன் சார் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நான் அச்சுகளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஆறுச்சாமி, உன் ஊர் அந்தப் பக்கம்தானே?"

"ஆமாம் சார்."

"கொஞ்சம் வாயைத் திறக்கலாமா?"

கேட்கத்தான் செய்தார். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்தேன். மீசையை அவரே விரலால் மேலே ஒதுக்கினார். மாணவர்கள் வரிசையாக வந்து கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் கூர்முனைக் கம்பியால் முன்பல்லின் குழியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருவன், "இவர் பல் தேய்ப்பதில்லையா சார்?" என்று கேட்டான். "இது அழுக்கில்லை" என்றார் ஈப்பன் சார். "குழந்தையாக இருக்கும்போது, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கும்போதே இப்படித்தான் முளைக்கும். தேய்த்தால் போகாது. எந்த வகை என்று சொல்லுங்கள்." கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "தீவிரம்" என்றது. "சரி" என்றார்.

அது அழுக்கில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரியும். அத்தனை வருடம் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வாயை எப்போது மூடச் சொல்வார்கள் என்பது மட்டும்தான் நினைப்பு. அன்றிலிருந்து மாணவர்கள் வராந்தாவில் எதிர்ப்பட்டால் என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார்கள். நான் கீழே பார்த்து நடந்தேன்.

முகாமுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். அங்கே உள்ளவர்களின் தமிழ்ப் பேச்சு மாணவர்களுக்குப் புரியாது, நான் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டோம். பிள்ளைகள் வரிசையாக வந்து வாயைத் திறந்தார்கள். எந்தக் கூச்சமும் இல்லாமல் ஈயென்று காட்டிவிட்டு ஓடினார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. மாணவர்கள் கிணறு கிணறாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். ஒரு பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, எங்க தண்ணியெல்லாம் பாட்டில்ல எடுத்துட்டுப் போறீங்களே, நல்ல தண்ணி எப்பக் கொண்டாருவீங்க?"

ஈப்பன் சாரிடம் சொன்னேன். அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அரசாங்கத்துக்கு எழுதுவோம் என்று சொல்" என்றார். சொன்னேன். "அப்பிடீங்களா" என்று பெரியவர் போய்விட்டார். எழுதத்தான் செய்தார்கள். ஆராய்ச்சி முடிந்தது, கட்டுரை அச்சானது, இரண்டு பேருக்குப் பட்டம் கிடைத்தது. குழாய்த் தண்ணீர் வர அதற்குப் பிறகும் பல காலம் ஆயிற்று. விடுமுறைக்கு ஊர் போகும்போது அந்தப் பெரியவர் எதிரே வந்தால் நான் வரப்பில் இறங்கி வேறு வழியில் போவேன்.

ருக்மணியை நான் முதலில் பார்த்தது அந்த முகாமில்தான். இருபது வயது இருக்கும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ராட்டினத்தின் கைப்பிடி நழுவிச் சுழன்று முகத்தில் அடித்ததில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. அப்பா பழனிச்சாமி சொந்தத்தில் பூமி வைத்து விவசாயம் செய்பவர். கோயமுத்தூரில் மில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. "கல்யாணத்துக்குள்ள பல்லு வெச்சாகோணுங்க" என்றார். ஈப்பன் சார் அவர்களைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்.

வந்தார்கள். அச்சு எடுத்தோம். நான் அந்த அச்சில் பிளாஸ்டர் வார்ப்பு ஊற்றி, பல்லைப் பற்றிக்கொள்ளும் கம்பிகளை வளைத்தேன். அடுத்து நிறம். ஷேட் கார்டை அவளுடைய மீதிப் பற்களோடு சேர்த்துப் பிடித்தேன். அதிலுள்ள பற்கள் எல்லாம் வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை. அவள் பல்லுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் வேறு யாருடைய பல்லோ போலத் தெரிந்தது.

ஈப்பன் சார் அட்டையை வாங்கி மேஜையில் வைத்தார். "இதில் கிடைக்காது. நீ நிறம் தீட்டு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மாதிரிக்கு அவள் தினமும் வர முடியாது. உன்னிடம் கண்ணாடி இருக்கிறதல்லவா?" என்றார்.

புரிந்தது. லேப் ஜன்னலோரம் முகக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தேன். யாரும் இல்லாத மதியச் சாப்பாட்டு நேரத்தில் மீசையை ஒதுக்கி, உதட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை முகம் மழிக்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டே கண்ணாடி பார்த்தவன் நான். இப்போது பார்த்தே ஆக வேண்டியிருந்தது. கறை ஒரே நிறமில்லை. நடுவில் அழுத்தம், ஓரத்தில் தேன் நிறம், அதற்குமேல் மேகம் மாதிரி வெள்ளைத் திட்டு, ஈறுக்குப் பக்கத்தில் கறையே இல்லை. வெள்ளை அக்ரிலிக் பல்லின் முகத்தை லேசாகச் சுரண்டி, பழுப்புப் பொடியைத் திரவத்தில் குழைத்து, நாலைந்து மயிர் மட்டும் விட்ட தூரிகையால் கோடு இழுத்தேன். காய்ந்ததும் அதன்மேல் நிறமில்லாத அக்ரிலிக்கை மெல்லிய தோலாகப் பூசினேன். முதலில் செய்தவை வெற்றிலை போட்ட பல் மாதிரி இருந்தன. உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தேன். பிறகு ஈறு நிறத்து இளஞ்சிவப்புத் தகட்டில் பொருத்தி, தண்ணீரில் மெதுவாகச் சூடேற்றி வேக வைத்தேன். அவசரப்பட்டால் தகட்டுக்குள் குமிழ் விழுந்துவிடும். கடைசியில் மாக்கல் பொடியால் மெருகு போட்டேன்.

ஈப்பன் சார் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைத் தடவினார். கண்ணைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பல்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது. மாணவர்கள் வந்து பார்த்தார்கள். முதல் தடவையாக அவர்கள் என் வாயைப் பார்க்காமல் நான் செய்த பல்லைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ருக்மணியும் பழனிச்சாமியும் வந்தார்கள். செட் கச்சிதமாக உட்கார்ந்தது. உதட்டைத் திறந்தால் எது முளைத்த பல், எது வைத்த பல் என்று சொல்ல முடியாது. ஈப்பன் சார் கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மடிமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, பல்லுக் குடுத்தீங்க செரி. கறையும் நீங்களே வெச்சுக் குடுக்கோணுமுங்களா?"

பழனிச்சாமிக்கும் அதே கேள்விதான். "தம்பி, மேல இருக்கற பல்லு அம்புட்டையும் எடுத்துப்போட்டு வெள்ளையா ஒரே செட்டா வெச்சுருங்கன்னு டாக்டருங்ககிட்டச் சொல்லுங்க. மாப்பிள்ளை ஊட்டுல சிறுவாணி ஆத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவிய. பொண்ணைப் பார்க்க வந்தன்னைக்கு இவ வாயே தொறக்குல."

எடுத்துச் சொன்னேன். ஈப்பன் சார் தலையாட்டி மறுத்தார். "இவை நோயுள்ள பல் இல்லை. சொத்தை ஒன்றுகூட இல்லை. இவள் கிழவியானாலும் இருக்கும். நல்ல பல்லைப் பிடுங்க என் கை வராது. பிடுங்கிவிட்டால் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், இருபது வயதில் இதைச் செய்யக்கூடாது. நிறத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்."

சொன்னேன். நிறத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"உங்களுக்கும் இதே பல்லுத்தானுங்களே. அப்பறம் எதுக்குங்க நீங்க கையை வெச்சு மூடிட்டே பேசறீங்க?"

என் கை அப்போதும் வாய்க்கு முன்னால்தான் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்றார் ஈப்பன் சார்.

வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைகழுவும் தொட்டிப் பக்கம் போனார். ஏற்கெனவே கழுவிய கையைத் திரும்பவும் கழுவினார். ருக்மணி செட்டைக் கழற்றி, பக்கத்துத் தட்டில் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்தாள். "வர்றமுங்க" என்றார் பழனிச்சாமி. நான் என்னுடைய ஆயுளில் செய்த மிக நல்ல வேலை தட்டில் கிடந்தது. அதை அவளுக்காகச் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தைகூட யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சில மாதங்கள் கழித்து அவள் திரும்ப வந்தாள். பழனிச்சாமி தோளில் தாங்கி நடத்திக்கொண்டு வந்தார். சந்தை ஊர் ஒன்றில் பெட்டி வைத்துப் பல் கட்டுகிறவன் ஒருவன் மேல்பற்கள் எல்லாவற்றையும் இரண்டே தடவையில் பிடுங்கியிருக்கிறான். எங்கள் ஊர்ப் பல் இறுகிப்போன பல், அவ்வளவு எளிதில் வராது. பாதி வேர் உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. சீழ் பிடித்துக் கன்னம் கண்வரை வீங்கியிருந்தது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. மாப்பிள்ளை வீட்டார் இந்த நிலையைப் பார்த்துவிட்டு நிச்சயத்தை முறித்திருந்தார்கள்.

ஈப்பன் சார், "நான் அன்றே சொன்னேனே" என்று சொல்லவில்லை. வார்டில் சேர்த்தார். ஊசி போட்டு வீக்கம் வடிந்த பிறகு, அறுவைப் பிரிவு டாக்டரோடு சேர்ந்து தானே நின்று ஒவ்வொரு வேராக எடுத்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தேன். பழனிச்சாமி வாசலில் குந்திக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்க மாட்டேன்னு சொன்னீங்க. நாந்தான் கேக்குல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சார் சொன்னதை எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். என் மனதில் அன்றைக்கு இருந்தது பழனிச்சாமி கேட்டதேதான்.

புண் ஆறிய பிறகு முழு மேல்செட் செய்ய வேண்டிய வேலை எனக்கு வந்தது. இந்தத் தடவை ஈப்பன் சார், "அவளைக் கேள்" என்றார். ஷேட் கார்டை அவள் கையிலேயே கொடுத்தேன். ஜன்னலோரம் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ரொம்ப வெள்ளை வேண்டாமுங்கண்ணா. கீழ்ப்பல்லு அப்பிடியே இருக்குதே, காட்டிக் குடுத்துரும்." மஞ்சள் கலந்த ஒன்றைத் தொட்டாள். "இது போதுமுங்க."

செட்டை மாட்டிய அன்று கண்ணாடியை நீட்டினேன். பார்த்தாள். "அட" என்றாள், மெதுவாக. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழனிச்சாமியும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். வராந்தாவில் போகும்போதும் அவள் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னால் கஞ்சிக்கோட்டுப் பக்கம் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தாடை தேயத் தேயச் செட் தளர்ந்து, இரண்டு தடவை வந்து சரிசெய்துகொண்டாள். கடலை கடிக்க முடியவில்லை என்பாள். வேறு குறை சொன்னதில்லை.

அவள் சிரித்துக்கொண்டு போன அன்றைக்கு ஈப்பன் சார் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு நல்ல வாயைக் காப்பாற்ற முடியவில்லை என்பது அவர் வருத்தம். எனக்கு வந்தது வேறு. அத்தனை வலி, அத்தனை சீழ், முறிந்த நிச்சயம் எல்லாம் பார்த்த பிறகும், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அது எனக்கு வேண்டும் என்று இருந்தது. அப்படி நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டினேன்.

"சார், எனக்கும் எடுத்துவிடலாமா? செட்டை நானே செய்துகொள்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுத்துப் பேசுவார், எலும்பு தேயும் கதையைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"அன்றைக்கு வகுப்பில் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். "அத்தனை பேர் முன்னால் கேட்டால் அது கேட்பதில்லை. அந்தப் பெண் சொன்னதை நீ எடுத்துச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. தப்பு என்னுடையது."

அவர் அப்படிச் சொன்னது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்ததைவிடக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உட்கார்" என்று நாற்காலியைக் காட்டினார். கதவைச் சாத்தினார். கை கழுவினார். "தொடலாமா?"

தலையாட்டினேன். கண்ணாடியும் கூர்முனைக் கம்பியும் எடுத்துக்கொண்டு மேல்வரிசை வலது கோடியிலிருந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். அவசரமே இல்லை. எந்த வகை என்று சொல்லவில்லை. கீழ்வரிசையில் கடைவாய்ப் பல் ஒன்றில் கம்பி மாட்டி நின்றது.

"இங்கே குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுமா?"

கூசும். ஒரு வருடமாகவே கூசிக்கொண்டிருந்தது. பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்க வெட்கப்பட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"இது ஒன்றுதான் கெட்டிருக்கிறது" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி எடுத்து, வெள்ளிக் கலவையை அவரே அரைத்து அடைத்தார். கடிக்கச் சொல்லிப் பார்த்தார், உயரமாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார். "மற்றதை ஒரு வருடம் கழித்து வந்து கேள். அப்போதும் வேண்டுமென்றால் நானே எடுக்கிறேன். இன்றைக்கு இந்தப் பக்கம் மெல்லாதே."

ஒரு வருடம் கழித்து நான் போய்க் கேட்கவில்லை. வெட்கம் போய்விட்டது என்று இல்லை. அந்த அறையில் அவர் என்னைக் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்த பற்களைப் பிடுங்கச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். மீசை அப்படியே இருக்கிறது, இப்போது நரைத்துவிட்டது. அவர் அடைத்த அடைப்பில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை.